எந்த ஊர்க் கூலி? ஒன்றான ஐரோப்பாவும் ஒன்றாகாத சம்பளமும்

இன்றைய எபிசோடை ஒரு பள்ளிக்கூட வாசலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் வாக்ஸ்ஹோம் என்று ஒரு சின்னக் கடலோர ஊர். 2004-இல் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தைப் புதுப்பித்து விரிவாக்கும் வேலை நடந்தது. அந்த வேலைக்கு ஆட்களை அனுப்பியது லாவல் என்ற லாட்வியா நாட்டு நிறுவனம். வாக்ஸ்ஹோமையும் சேர்த்து ஸ்வீடனில் இருந்த தன் வேலைகளுக்கு அது சுமார் 35 பேரை அனுப்பியிருந்தது. லாட்வியா அந்த வருடம் மே 1-ஆம் தேதிதான் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்திருந்தது.

நவம்பர் 2-ஆம் தேதி, ஸ்வீடன் கட்டடத் தொழிலாளர் சங்கம் அந்த இடத்தில் மறியலைத் தொடங்கியது. சாமான் உள்ளே போகக்கூடாது, ஆள் உள்ளே போகக்கூடாது. சங்கத்தின் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: எங்களுடைய கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, மணிக்கு 145 க்ரோனா கூலி கொடு. டிசம்பரில் மின்தொழிலாளர் சங்கமும் ஆதரவுக்கு வந்தது. மின்வேலை முழுக்க நின்றுபோனது. லாட்வியா தொழிலாளர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனார்கள். திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் லாவலின் ஸ்வீடன் கிளை நிறுவனம் திவாலானது.

இதில் யார் பக்கம் நியாயம்?

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. சங்கம் பக்கம்தான். குறைந்த கூலிக்கு ஆள் கொண்டு வந்து உள்ளூர்க் கூலியை உடைக்கப் பார்க்கிறார்கள், அதைத் தடுக்காமல் சங்கம் எதற்கு? ஆனால் கொஞ்ச நாள் கழித்து லாட்வியா பக்கத்துக் கதையையும் படித்தேன். அங்கே இதே மறியல் வேறு மாதிரி தெரிகிறது. 'ஐரோப்பா ஒன்றுன்னு சொல்லி எங்களைச் சேர்த்தீங்க. உங்க கம்பெனி எங்க ஊருக்கு வரலாம், எங்க ஆள் உங்க ஊரில் வேலை செய்யக் கூடாதா?' இதுதான் அவர்களுடைய கேள்வி.

இரண்டு ஏழை நியாயங்கள் ஒரு பள்ளிக்கூட வாசலில் மோதிக்கொண்டன. மோதல் அங்கே நடந்தாலும் அதற்கு வழி போட்டது 1950-களில். அந்தக் கதைதான் இன்றைக்கு.

ஆளைக் கொடு, கரியைத் தருகிறேன்

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். பெல்ஜியத்தில் நிலக்கரி இருக்கிறது, வெட்ட ஆள் இல்லை. உள்ளூர்க்காரர்கள் சுரங்கத்துக்குள் இறங்கத் தயாராக இல்லை. போர்க் கைதிகளாக இருந்த ஜெர்மானியர்களை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டினார்கள். அவர்களையும் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? இத்தாலியில் நேர் எதிர் நிலைமை. வேலையில்லாத ஆள் ஏராளம், எரிக்க நிலக்கரி இல்லை.

1946 ஜூன் 23-ஆம் தேதி இரண்டு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. இத்தாலி 50,000 தொழிலாளர்களை அனுப்பும், வாரத்துக்கு 2,000 பேர் என்ற கணக்கில். பதிலுக்கு பெல்ஜியம் இத்தாலிக்கு நிலக்கரி விற்கும். இத்தாலியில் இன்றைக்கும் இதை 'நிலக்கரிக்கு மனிதர்கள்' என்றுதான் சொல்வார்கள். வந்தவர்களில் பலர் தங்கியது போர்க் கைதிகளை அடைத்து வைத்திருந்த அதே முகாம்களில். உள்ளே இறங்கிப் பார்த்துப் பயந்து, 'இந்த வேலை வேண்டாம்' என்று சொன்னவர்களைப் பிடித்து வைத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

இதற்கிடையில் ஐரோப்பிய ஒருங்கிணைப்பின் முதல் படி வந்தது. 1951-இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் என்று ஆறு நாடுகள் சேர்ந்து நிலக்கரி மற்றும் எஃகு சமூகத்தை உருவாக்கின. இனி இந்த ஆறு நாடுகளுக்குள் நிலக்கரிக்கும் எஃகுக்கும் சுங்கம் கிடையாது. பொதுவாக ஓர் உயர் அதிகார அமைப்பு, ஒரு நீதிமன்றம். போருக்கான மூலப்பொருளை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டு வந்தால் மறுபடி போர் வராது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

நிலக்கரி எல்லை தாண்டலாம், சுரங்கத்துக்குள் இருக்கிறவன் உயிர்ப் பாதுகாப்பு மட்டும் அந்தந்த நாட்டின் விஷயம். 1956 ஆகஸ்ட் 8-ஆம் தேதி இதற்கான விலை தெரிந்தது.

பெல்ஜியத்தில் ஷார்லெருவா நகரத்தை ஒட்டி மார்சினெல் என்று ஓர் ஊர். அங்கே புவா துயு காசியே என்ற பழைய சுரங்கம். காலை எட்டு மணி தாண்டி, 975 மீட்டர் ஆழத்தில் ஒரு நிலக்கரி வண்டியை லிஃப்ட் கூண்டுக்குள் சரியாக ஏற்றவில்லை. வண்டி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போதே கூண்டு மேலே கிளம்பிவிட்டது. அது இடித்ததில் எண்ணெய்க் குழாயும் மின்கம்பியும் அறுந்தன. எண்ணெயில் தீப்பொறி. உள்ளே இருந்த கட்டுமானத்தில் ஏகப்பட்ட மரம். அன்று இறந்தவர்கள் 262 பேர். அதில் 136 பேர் இத்தாலியர்கள், 95 பேர் பெல்ஜியர்கள். மொத்தம் 12 நாட்டுக்காரர்கள் அந்தக் குழிக்குள் இருந்தார்கள். இரண்டு வாரம் மீட்புப் பணி நடந்தது. ஆகஸ்ட் 23-ஆம் தேதி மேலே வந்த ஒரு மீட்புப் பணியாளர் இத்தாலிய மொழியில் சொன்னது இரண்டே வார்த்தை: எல்லாம் பிணங்கள்.

அந்த விபத்துக்குப் பிறகுதான் நிலக்கரி சமூகம் சுரங்கப் பாதுகாப்பு பற்றி மாநாடு கூட்டியது. 1957-இல் ஒரு பாதுகாப்புக் குழு வந்தது. இத்தாலி தன் ஆட்களை பெல்ஜியச் சுரங்கங்களுக்கு அனுப்புவதை நிறுத்தியது. பெல்ஜியம் என்ன செய்தது? ஸ்பெயினில் ஆள் தேடியது, பிறகு கிரீஸ், 1964-இல் மொராக்கோ, துருக்கி. வேலையின் ஆபத்தைக் குறைப்பதைவிட, அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு ஏழையான அடுத்த நாட்டைத் தேடுவது சுலபமாக இருந்தது.

சந்தை பிரஸ்ஸல்ஸுக்கு, சம்பளம் அவரவர் வீட்டுக்கு

மார்சினெலில் தீப்பிடித்த அதே 1956-இல், பிரஸ்ஸல்ஸில் அடுத்த ஒப்பந்தத்துக்கான பேச்சு நடந்துகொண்டிருந்தது. நிலக்கரி, எஃகோடு நிற்காமல் எல்லாச் சரக்குக்கும் ஒரே சந்தை. பேச்சுவார்த்தையை நடத்தியவர் பெல்ஜிய வெளியுறவு அமைச்சர் பால்-ஹென்ரி ஸ்பாக்.

அங்கே ஒரு கேள்வி வந்தது. சந்தையை ஒன்றாக்கினால், கூலி, விடுமுறை, ஓய்வூதியம் இதையெல்லாம் ஒன்றாக்க வேண்டாமா? ஒரு நாட்டில் கூலி அதிகம், இன்னொரு நாட்டில் கம்மி என்றால் அதிகக் கூலி கொடுக்கிற நாட்டின் தொழில் அடிபடாதா?

இதை ஆராய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு நிபுணர் குழுவைப் போட்டது. தலைவர் பெர்டில் ஓலின். ஸ்வீடன் நாட்டுப் பொருளாதார அறிஞர், பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர். குழு சொன்ன பதிலின் சாரம் இது: கூலி வித்தியாசத்துக்குக் காரணம் உற்பத்தித் திறனில் உள்ள வித்தியாசம். ஒரு நாட்டில் கூலி கம்மி என்றால் பெரும்பாலும் அங்கே ஒரு மணி நேரத்தில் விளைவதும் கம்மி. வியாபாரம் பெருகினால் திறன் கூடும், திறன் கூடினால் கூலி தானாக ஏறும். அதை ஏற்றி வாங்கத் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. எனவே சட்டம் போட்டுச் சமப்படுத்த வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை.

இதைக் கேட்டு உடனே கோபப்படாதீர்கள். அந்தக் காலத்தை வைத்துப் பார்த்தால் இது முட்டாள்தனமான பதில் இல்லை. பேசிய ஆறு நாடுகளில், இத்தாலியின் தெற்குப் பகுதியை விட்டுவிட்டால், வாழ்க்கைத் தரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கிடையாது. பெரும்பாலும் வேலைக்கு ஆள் கிடைக்காத காலம். சங்கங்கள் பலமாக இருந்தன. அந்தக் கணக்கு அந்த நிலைமைக்குப் பொருந்தியது. நிலைமை மாறினால் என்ன ஆகும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

1957 மார்ச் 25-ஆம் தேதி ரோம் ஒப்பந்தம் கையெழுத்தானது. சரக்கு, சேவை, மூலதனம், ஆட்கள் எல்லை தாண்டுவது ஐரோப்பியச் சட்டம். கூலியும் நலத்திட்டமும் அவரவர் நாட்டுச் சட்டம். இந்த வேலைப்பிரிவினைதான் இன்றைய கதையின் முதுகெலும்பு, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பிப் பிழைத்த ஒரே வரி

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. பிரான்ஸ் இந்தப் பேச்சில் பயந்துகொண்டே இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கையை பிரான்ஸ் ஏற்கெனவே ஏற்றிருந்தது. 'எங்க துணி ஆலையில் நிறையப் பெண்கள் வேலை செய்றாங்க. பக்கத்து நாட்டில் பெண்ணுக்குக் கம்மிக் கூலி கொடுத்து மலிவாகத் துணி நெய்தால் நாங்க என்ன செய்வது?' என்பது அவர்கள் கவலை. சரி, உங்கள் திருப்திக்கு என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 119-ஆம் பிரிவு. சம வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம்.

பெண்கள் மேல் அக்கறையால் வந்த பிரிவு என்று சொல்ல முடியாது, வியாபாரப் போட்டிக்காக வந்தது. முதல் கட்டம் முடியும் 1961 இறுதிக்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்று இருந்தது. நாடுகள் தங்களுக்குள் பேசி அதைத் தள்ளிப் போட்டன. வருடங்கள் ஓடின, சம்பளம் மாறவில்லை.

1966 பிப்ரவரி 16-ஆம் தேதி, பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் ஹெர்ஸ்டல் என்ற ஊரில், ஓர் ஆயுதத் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சுமார் 3,000 பேர். சம வேலைக்குச் சம ஊதியம் என்பதுதான் கோஷம். ரோம் ஒப்பந்தத்தின் 119-ஆம் பிரிவை அவர்கள் கையில் எடுத்தார்கள். பன்னிரண்டு வாரம் நடந்தது அந்த வேலைநிறுத்தம். ராஜதந்திரிகள் ஒரு மூலையில் எழுதிவைத்து மறந்துபோன வரி, எண்ணெயும் கிரீஸும் படிந்த கைகளுக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் போராட்டத்தைக் கவனித்த வழக்கறிஞர் எலியான் வோகல்-போல்ஸ்கி, இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக ஒருவரைத் தேடினார். கிடைத்தவர் கேப்ரியல் தெஃப்ரென். சபேனா என்ற பெல்ஜிய விமான நிறுவனத்தில் 1951 முதல் விமானப் பணிப்பெண். அங்கே பெண்கள் 40 வயதில் வேலையை விட்டுப் போக வேண்டும் என்று ஒப்பந்தம். ஆண்களுக்கு அந்த விதி கிடையாது. சம்பளமும் ஆண்களைவிடக் கம்மி. 1968-இல் தெஃப்ரென் 40 வயதில் வெளியே அனுப்பப்பட்டார். வழக்கு போட்டார்.

1976 ஏப்ரல் 8-ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 119-ஆம் பிரிவு வெறும் ஆசை வாசகம் கிடையாது, எந்தத் தொழிலாளியும் அதைக் காட்டி நேரடியாகத் தன் நாட்டு நீதிமன்றத்தில் கேட்கலாம். அவர் கேட்ட சம்பளப் பாக்கி 12,716 பெல்ஜிய ஃபிராங்க். சின்னத் தொகைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு ஐரோப்பா முழுக்கப் பெண்களுக்கு வழி திறந்தது. அதே சமயம் அதன் எல்லையையும் சொல்லணும். பழைய பாக்கியை எல்லாரும் கேட்டால் நிறுவனங்கள் தாங்காது என்று பிரிட்டனும் அயர்லாந்தும் வாதிட்டன. அதனால் ஏற்கெனவே வழக்கு போட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பழைய பாக்கி கிடையாது என்றது நீதிமன்றம். 40 வயது விதியைப் பற்றி அவர் தனியாகக் கேட்டபோது, 1978-இல், அது ஊதியம் இல்லை, 119-க்குள் வராது என்று சொல்லிவிட்டது.

இதை நான் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்றேன்னா, எழுத்தில் ஒரு வரி இருந்ததால்தான் இத்தனையும் நடந்தது. என்ன காரணத்துக்காக எழுதினாலும், எழுதிய வரியை ஏழைகளும் படிக்கலாம். ஆனால் ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்கு ஒரு முதலாளி கூட்டி வரும் தொழிலாளிக்கு எந்த ஊர்க் கூலி என்று சொல்ல அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி கூட இல்லை.

வேலைக்கு வந்தவனா, சரக்கோடு வந்தவனா?

இங்கே ஒரு நுணுக்கம். நீங்களாகவே லாட்வியாவிலிருந்து ஸ்வீடனுக்குப் போய் ஸ்வீடன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தால், உங்களுக்கு ஸ்வீடன்காரர்களுக்கு உள்ள அதே உரிமை. பாரபட்சம் காட்டக்கூடாது. அது ரோம் ஒப்பந்தத்திலேயே உண்டு. ஆனால் லாட்வியா கம்பெனி ஒன்று ஸ்வீடனில் கான்ட்ராக்ட் எடுத்து, தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தால்? அப்போது சட்டத்தின் கண்ணில் எல்லை தாண்டியது தொழிலாளி இல்லை. கம்பெனியின் சேவை. தொழிலாளி அந்தச் சேவையோடு வந்த கருவி மாதிரி.

இந்தக் கேள்வி முதலில் பெரிதாக வந்தது போர்ச்சுகல் சேர்ந்த பிறகு. ஒரு போர்ச்சுகல் நிறுவனம் பிரான்ஸில் அதிவேக ரயில் பாதை வேலைக்குத் தன் ஆட்களைக் கொண்டு வந்தது. 1990-இல் நீதிமன்றம் சொன்னது: ஆட்களைக் கொண்டு வர உரிமை உண்டு, பிரான்ஸ் தடுக்க முடியாது. அதோடு, பிரான்ஸ் தன் தொழிலாளர் சட்டத்தை அவர்களுக்கும் பொருத்தலாம்.

இதை ஒழுங்குபடுத்த 1996-இல் ஐரோப்பிய அளவில் ஒரு சட்டம் வந்தது. அனுப்பி வைக்கப்படும் தொழிலாளிக்கு, வேலை நடக்கும் நாட்டின் குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், விடுமுறை, பாதுகாப்பு விதிகள் கிடைக்க வேண்டும். கூலி என்றால் சட்டத்தில் உள்ள குறைந்தபட்சக் கூலி, அல்லது நாடு முழுக்க எல்லோருக்கும் கட்டாயமான கூட்டு ஒப்பந்தத்தில் உள்ள கூலி.

ஸ்வீடனில் இந்த இரண்டுமே இல்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அங்கே கிடையாது, இன்றைக்கும் கிடையாது. சங்கமும் முதலாளியும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போடுவதுதான் கூலி. பேச வராத முதலாளியைச் சங்கம் மறியல் செய்து உட்கார வைக்கும். பல பத்தாண்டுகளாக இப்படித்தான் நடந்தது, நன்றாகவே நடந்தது. உலகத்திலேயே ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் ஒன்றாக ஸ்வீடன் ஆனதில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு.

தீர்ப்பு

இப்போது வாக்ஸ்ஹோமுக்குத் திரும்புவோம்.

தன் ஆட்களுக்கு மாதம் 13,600 க்ரோனா கொடுப்பதாகவும், சாப்பாடு, தங்குமிடம், பயணம் என்று இன்னொரு 6,000 க்ரோனா மதிப்புக்குச் செய்வதாகவும் லாவல் சொன்னது. மாதத்துக்கு 170 மணி நேரம் வேலை என்று வைத்துக்கொண்டால் கையில் வருவது மணிக்கு 80 க்ரோனா. சங்கம் கேட்டது 145. லாவல் லாட்வியாவில் இருக்கும் கட்டடத் தொழிலாளர் சங்கத்தோடு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தது. அந்தத் தொழிலாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள். அதாவது ஒரு நாட்டுச் சங்கத்தின் ஒப்பந்தத்தை இன்னொரு நாட்டுச் சங்கம் ஏற்கவில்லை.

வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய், 2007 டிசம்பர் 18-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை, ஒத்துக்கொள்கிறோம் என்றது நீதிமன்றம். ஆனால் மறியல், சேவை வழங்கும் சுதந்திரத்துக்குத் தடை. 1996 சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தை இப்படி நெருக்க முடியாது. அதிலும் ஸ்வீடனில் குறைந்தபட்சம் எவ்வளவு என்று எங்கேயும் எழுதியில்லாதபோது அந்த நிறுவனம் எதைப் பார்த்துக் கூலி கொடுக்கும்? சங்கம் தோற்றது. 2009-இல் ஸ்வீடன் தொழிலாளர் நீதிமன்றம் சங்கங்கள் 550,000 க்ரோனா நஷ்டஈடு கட்ட வேண்டும் என்றது. வழக்குச் செலவு தனி.

1956-இல் ஒரு ஸ்வீடன்காரரின் தலைமையில் எழுதிய அறிக்கை, சங்கங்கள் கூலியைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியது. ஐம்பது வருடம் கழித்து ஒரு ஸ்வீடன் சங்கம் அதைத்தான் செய்ய முயன்றது. அந்த அறிக்கையின் வழியில் வளர்ந்த சந்தைச் சட்டமே அதைத் தடுத்தது.

ரீகாவிலிருந்து பார்த்தால்

இங்கேயே முடித்தால் இது பாதிக் கதை. லாட்வியாவுக்குப் போகணும்.

லாட்வியா 1991-இல் சோவியத் யூனியனிலிருந்து விடுபட்ட நாடு. ஒன்றியத்தில் சேர்ந்தபோது தலைக்கு உற்பத்தி ஒன்றியச் சராசரியில் பாதியைக்கூடத் தொடவில்லை. கையில் இருந்த ஒரே போட்டிப் பலம் குறைந்த கூலி. 'ஸ்வீடன் கூலிக்கே வேலை செய்யணும்னா, லாட்வியாக்காரனை எதுக்குக் கூப்பிடுவான்?' என்பது அவர்கள் வாதம். அதிகக் கூலி கேட்கும் கோரிக்கை, நம்மை வெளியே தள்ளும் கோரிக்கையும் ஆகலாம் என்பதை அவர்கள் அனுபவத்தில் பார்த்தார்கள்.

எதிர்த் திசையில் போன மூலதனத்தை யாரும் மறிக்கவில்லை. ஸ்வெட்பேங்க், எஸ்.இ.பி. போன்ற ஸ்வீடன் வங்கிகள் பால்டிக் நாடுகளின் வங்கித் தொழிலில் பெரும்பங்கைப் பிடித்தன. கடன் தாராளமாகக் கிடைத்தது, அதுவும் பெரும்பாலும் யூரோவில். வீட்டு விலை ஏறியது. 2008-இல் குமிழி உடைந்தது. 2009-இல் ஒரே வருடத்தில் லாட்வியாவின் பொருளாதாரம் சுமார் 14 சதவீதம் சுருங்கியது. ஐரோப்பிய ஒன்றியம், சர்வதேச நாணய நிதியம், நார்டிக் நாடுகள் எல்லாம் சேர்ந்து 750 கோடி யூரோ உதவிக்கு ஏற்பாடு செய்தன. நாணயத்தின் மதிப்பைக் குறைத்திருந்தால் யூரோக் கடன் வாங்கியவர்களும், கடன் கொடுத்த வங்கிகளும் அடிபட்டிருக்கும். நாணயத்தை அப்படியே வைத்தார்கள். பதிலுக்குக் குறைந்தது சம்பளம். ஆசிரியர், செவிலியர் என்று அரசு ஊழியர் சம்பளத்தில் பலத்த வெட்டு.

ஆட்கள் கிளம்பினார்கள். 2000 கணக்கெடுப்பில் லாட்வியாவின் மக்கள் தொகை சுமார் 23.8 லட்சம். 2021-இல் சுமார் 19 லட்சம். பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம், ஆனால் வேலை தேடி அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் போனவர்கள் எண்ணிக்கை மிகப் பெரியது. பால்டிக் கிராமங்களில் பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஸ்வீடனில் ஒரு பள்ளிக்கூடம் கட்டப் போனவர்களின் நாட்டில் இது நடந்தது.

தாமதமாக எழுதிய வரி

தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பியத் தொழிற்சங்கங்கள் கொதித்தன. 2012-இல் வேலைநிறுத்த உரிமைக்கும் சந்தைச் சுதந்திரத்துக்கும் நடுவே ஒரு விதி போட ஐரோப்பிய ஆணையம் வரைவு கொண்டுவந்தது. அது யாருக்கும் பிடிக்கவில்லை. பல நாட்டு நாடாளுமன்றங்கள் ஆட்சேபித்து, அந்த வருடமே வாபஸ்.

கடைசியில் 2018 ஜூனில் 1996 சட்டத்தைத் திருத்தினார்கள். குறைந்தபட்சக் கூலி என்று இருந்த இடத்தில் ஊதியம் என்று மாற்றினார்கள். அதாவது உள்ளூர்த் தொழிலாளிக்குக் கட்டாயமான சம்பளக் கூறுகள், படிகள் எல்லாமே அனுப்பி வைக்கப்பட்ட தொழிலாளிக்கும் உண்டு. 12 மாதம், நீட்டித்தால் 18 மாதம் தாண்டினால் உள்ளூர் வேலை விதிகள் கிட்டத்தட்ட முழுசாகப் பொருந்தும். ஒரு வார்த்தையை மாற்ற 22 வருடம்.

அந்தத் திருத்தத்தை எதிர்த்து வழக்கு போட்டது யார் தெரியுமா? ஹங்கேரியும் போலந்தும். தங்கள் நாட்டுத் தொழிலாளிக்கு அதிகக் கூலி கிடைப்பதை எதிர்த்து! கேட்டால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் அவர்கள் வாதம் ரீகாவில் கேட்ட அதே வாதம்தான். 2020 டிசம்பரில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பிறகு 2022-இல் போதுமான குறைந்தபட்சக் கூலி பற்றி ஒரு பொதுச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து டென்மார்க் வழக்கு போட, ஸ்வீடன் துணை நின்றது. எங்கள் சங்கங்கள் பார்த்துக்கொள்ளும் விஷயத்தில் பிரஸ்ஸல்ஸ் தலையிடக்கூடாது என்பது அவர்கள் நிலை. வாக்ஸ்ஹோமில் பட்ட அனுபவத்துக்குப் பிறகு அந்தச் சந்தேகமும் புரியக்கூடியதுதான்.

நான் எங்கே நிற்கிறேன்

ஐரோப்பிய ஒருங்கிணைப்பு ஏற்றத்தாழ்வைக் குறைத்ததா, கூட்டியதா? இரண்டும்தான், எங்கே அளக்கிறோம் என்பதைப் பொறுத்து. நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவே அளந்தால், கிழக்கு ஐரோப்பா வேகமாக ஏறியிருக்கிறது. விலைவாசி வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால், 2004-இல் சராசரியில் பாதியாக இருந்த போலந்து இன்று 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. லாட்வியா சுமார் 70 சதவீதம். இது சாதாரண விஷயம் இல்லை. ஓலின் குழுவின் நம்பிக்கை அந்த அளவுக்குப் பலித்தது என்றே சொல்லலாம்.

ஆனால் சராசரி என்பது ஒரு ஆள் இல்லை. அந்த ஏற்றத்துக்கான செலவைக் கட்டியவர்கள் யார் என்று பார்த்தால், மார்சினெல் குழிக்குள் இறங்கியவர், சம்பளம் வெட்டுப்பட்ட லாட்வியா ஆசிரியர், தன் கூலி சரியுமோ என்று பயந்து மறியலில் நின்ற ஸ்வீடன் கொத்தனார், மறியலுக்கு அந்தப் பக்கம் நின்ற லாட்வியா கொத்தனார். கடைசி இருவரையும் எதிரெதிராக நிறுத்தியது அவர்களுடைய குணம் இல்லை. சந்தைக்கு ஒரே சட்டம், கூலிக்கு ஊருக்கு ஒரு சட்டம் என்று போட்ட அந்தக் கோடு.

அந்த வாசலில் இரண்டு பக்கமும் கேட்டது உண்மையில் ஒரே கேள்வி: ஒரே சுவரைக் கட்டுகிற இரண்டு பேருக்கு ஏன் இரண்டு கூலி? ஹெர்ஸ்டல் பெண்களும் 1966-இல் இதையேதான் கேட்டார்கள். அவர்கள் கையில் காட்ட ஒரு வரி இருந்தது. இவர்களுக்கு அந்த வரியை எழுத 2018 வரை ஆனது. அதற்குள் லாவலின் கிளை திவாலாகி, சங்கம் அபராதம் கட்டி, தொழிலாளர்கள் ஊர் திரும்பி எல்லாம் முடிந்திருந்தது.

இனி எந்த நாடுகள் சேர்ந்து எந்தச் சந்தையைத் திறந்தாலும், சுங்கம் எவ்வளவு குறையும் என்ற பக்கத்தைப் புரட்டிவிட்டு, கூலி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஒன்றும் எழுதவில்லை என்றால், அதற்கும் ஒரு விலை உண்டு, யாரோ கட்டப் போகிறார்கள்.

இந்த எபிசோடில் உங்களுக்கு மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக லாட்வியா பக்கத்து வாதத்தை நான் சரியாகச் சொன்னேனா என்று சொல்லுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.